கட்பீஸ் ராஜாவோட மந்திரிங்க

இல்லங்க, பெட்டி மேல தப்பே இல்ல. அத மொதல்ல விட்டுருங்க. பெட்டி கெட்டுப்போச்சுன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, பசங்க மக்குன்னும் பேசிக்கிட்டாங்க, ரெண்டுமே இல்ல. அது செஞ்சதெல்லாம் நான் செய்யச் சொன்னது. பிரணவுக்கு மட்டும்தான் அது தெரியும். அதனாலதான் அவன் இன்னும் என்னையப் பாக்கறப்பல்லாம் "வாங்க ராஜமாதா"ன்னு கூப்படறான்.

சரி, வரிசையா சொல்றேன். நான் நிதர்சனா. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி லைன் வீடுகளுக்குப் பின்னாடி இருந்த சென்டர்ல நாடக மிஸ். பசங்க வாயில என் பேரு நுழையாது, நிது மிஸ்னு சுருக்கிட்டாங்க. மொத்தம் பதினாலு பேரு. ஒடிசா, பீகார், வங்காளம், ரெண்டு பேரு நேபாளம். அம்மா அப்பால்லாம் தையல், செக்கிங், பேக்கிங்னு கம்பெனிக்குள்ள. இப்ப இருக்கற ரூல்படி பேச்சுத் தமிழ் டெஸ்ட் பாஸானாத்தான் பெரிய ஸ்கூல்ல சேர முடியும். அதுக்குத்தான் சென்டர். அதுக்குத்தான் பெட்டி.

பெட்டியக் கொண்டாந்து மாட்டுனவன் பிரணவ். டிபன் கேரியர் அளவுதான் இருந்துச்சு. அதுலருந்து வெளிச்சத்துல ஒரு ஆளு எந்திரிச்சு நிப்பாரு, நம்ம உயரத்துக்கு. பேசுவாரு, நடப்பாரு. தொட்டா கை உள்ள போயிரும், அவ்ளோதான்.

"இவரு தமிழ் சொல்லித் தருவாரா"ன்னு கேட்டேன்.

"மாட்டாரு. இவருக்கு ஒண்ணுமே தெரியாது. பசங்கதான் இவருக்குச் சொல்லித் தரணும்."

"பசங்களுக்கே தெரியாதே பிரணவ்."

"அதான் விஷயம். தெரிஞ்சவங்க முன்னாடி நீ பேசுவியா? தப்பு வந்துருமேன்னு வாயப் பொத்திக்குவ. ஒனக்கு மேல ஒரு மக்கு நின்னா என்ன பண்ணுவ?"

"வாயத் தொறந்துருவேன்."

"நீதான் எப்பவும் மூடறதே இல்லையே. சரி, இங்க பாரு, ஒரு கேள்வி இருக்கு. பசங்க ஏதாவது வேஷம் கட்டுனா பெட்டி நம்பணுமா வேண்டாமா? நான் மந்திரின்னு ஒரு புள்ள வந்தா, மந்திரின்னு எடுத்துக்கணுமா, இல்ல நீ நாலு அடி உயரத்துல ஒரு பொண்ணுன்னு சொல்லணுமா?"

"நம்பணும்."

"எப்பவுமா?"

"எப்பவும். நாடகத்துல பாதி நேரம் நம்பறதுன்னு ஒண்ணு கெடையாது."

அவன் ஒரு செகண்டு என்னையப் பாத்தான். "யோசிச்சுச் சொல்லு"ன்னான். நான் கைய நீட்டி, அவன் போன்ல 'நம்பணும்'ங்கற கட்டத்த நானே டிக் பண்ணுனேன். இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

மொத நாளு அந்த ஆளு சாம்பக் கலர்ல, மூஞ்சி முழி இல்லாம எந்திரிச்சு நின்னு, "நான் யாரு"ன்னு கேட்டாரு. பசங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சாங்க. லிப்சா மட்டும் எந்திரிச்சா. லிப்சா பெஹரா, பத்து வயசு, ஒடிசா. வந்து மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. கையில இருந்த தமிழ் மொத்தமே ஒரு இருபது வார்த்த இருக்கும். அதுல பெருசா ஒண்ணப் பாத்து எடுத்தா.

"ராஜா."

டக்குனு தலையில கிரீடம் வந்துருச்சு. அத்தன புள்ளைங்களும் ஆன்னு பாக்குதுங்க.

"நான் என்ன போட்டுருக்கேன்?"

ஏழு வயசு கோலு, பீகார்ப் பையன், சன்னல் வழியா கம்பெனி வாசல்ல கெடந்த கழிவுத்துணி மூட்டையக் காட்டி, "கட்பீஸ்"னான். உடனே ராஜா ஒடம்பு பூராவும் பனியன் வெட்டுத்துண்டா ஒட்டிக்கிச்சு. செவப்பு, ஊதா, ஒரு எடத்துல பாதி கம்பெனி பேரு. அன்னையிலருந்து அவரு கட்பீஸ் ராஜா. கிரீடம் இருக்கு, நாடு இல்ல. மந்திரிங்க பதினாலு பேரு.

அதுக்கப்பறம் தெனமும் மத்தியானம் மூணு மணிக்கு தர்பார். ராஜாவுக்கு ஏதாவது ஒரு ஆச வரும், பசங்கதான் நடத்தி வெக்கணும். ஒருநா அவருக்கு ஊத்துக்குளி வெண்ணெ வேணுமாம். பஸ்ஸுல போகணும். பஸ்ஸுன்னா என்னன்னு தெரியாது. ஸ்டாப்ல நின்னுக்கிட்டு, பஸ் வந்து தன்னைக் கும்பிடணும்னு சொல்லிட்டாரு.

"அது கும்பிடாதுங் ராஜா, நீங்கதான் கை காட்டணும்"னான் கோலு. எங்கூருல எல்லாத்துக்கும் ஒரு 'ங்' ஒட்டிக்குமில்ல, பசங்க வார்த்தையக் கத்துக்கறதுக்கு முன்னாடி அதக் கத்துக்கிட்டாங்க.

ராஜா கையக் காட்டுனாரு. முன்னாடி திருப்பி, பின்னாடி திருப்பி, நல்லாப் பாருன்னு. பஸ் போயிருச்சு.

"ரேகையக் காட்டச் சொல்லலீங், ஆட்டச் சொன்னேன்" அப்படின்னு கோலு தலையில அடிச்சுக்கிட்டான். அந்த வாக்கியத்த அவனுக்கு யாரும் சொல்லித் தரல. எங்கருந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது. ரெண்டு வரிசை நாற்காலியப் போட்டு பஸ் கட்டுனாங்க. லிப்சாதான் கண்டக்டர். "உள்ள போங் உள்ள போங், கிரீடத்தக் கழட்டி மடியில வெச்சுக்கங், பின்னாடி நிக்கறவங்களுக்கு மறைக்குதில்ல." ஊத்துக்குளி போய்ச் சேர மூணு நாளாச்சு. அந்த மூணு நாள்ல என் பசங்க பேசுன தமிழ நான் எண்ணவே முடியாது.

மாசக் கடைசியில டெஸ்ட். தர்பார் வேற, டெஸ்ட் வேற. தர்பார்ல பேசறதெல்லாம் மார்க்குல வராது. நாடகத்துல பேசறது மனப்பாடமா இருக்கும்னு ஆபீஸ்ல ஒரு எண்ணம். அதனால டெஸ்ட் அன்னைக்கு ராஜா வரமாட்டாரு. ஒவ்வொரு புள்ளையும் தனியா உள்ள போகணும், பெட்டி வெறும் கொரலா கேள்வி கேக்கும், அதுவே மார்க் போடும். டிசம்பர் டெஸ்ட்ல பாதிப் பேரு பாஸுக்குக் கிட்ட வந்துட்டாங்க. லிப்சாவுக்கு இன்னும் ரெண்டு மார்க்தான். எனக்குத் தல கால் புரியல. வகுப்புல நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"சூப்பரு பசங்களா, இப்படியே போனா ஜூன்ல எல்லாரும் பெரிய ஸ்கூல். பெட்டி அடுத்து பெருந்துறைக்குப் போயிரும், அங்க இருக்கற பசங்களுக்கு."

லிப்சா கேட்டா, "ராஜாவும் போயிருவாருங்களா?"

"ராஜா போமாட்டாரு. உங்க கொரல்லாம் அதுல இருக்கில்ல, அத வெளியூருக்கு அனுப்பக்கூடாதுன்னு சட்டம். எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் பெட்டிய அனுப்புவாங்க."

"அழிச்சா?"

"அழிச்சா ராஜா இருக்க மாட்டாரு."

சொல்லிட்டு கரும்பலகையத் துடைக்கத் திரும்பிட்டேன். சத்தியமா சொல்றேன், சாப்பாட்டு மெனு சொல்ற மாதிரி சொன்னேன். பின்னாடி பதினாலு மூஞ்சி என்ன ஆச்சுன்னு நான் பாக்கவே இல்ல.

ஜனவரி டெஸ்ட். பதினாலு பேரும் சைபர்.

நான் பெட்டியத்தான் சந்தேகப்பட்டேன். பிரணவ் வந்து தட்டிப் பாத்துட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னுட்டான். பிப்ரவரி, மறுபடி சைபர். இதுக்கு நடுவுல தர்பார் மட்டும் அமோகமா நடக்குது. ராஜாவுக்கு ஜலதோஷம், மந்திரிங்க கஷாயம் வெக்கறது எப்படின்னு ஒருத்தர ஒருத்தர் பேச விடாம சண்ட. அதே வாயிங்க டெஸ்ட்ல "உன் பேரென்ன"ன்னு கேட்டா மேல பாக்குதுங்க.

பிப்ரவரி ரிசல்ட் வந்த மறுநாளு லிப்சா அப்பா வந்தாரு. சந்தோஷ் பெஹரா. கட்டிங் செக்ஷன்ல வேல. சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி, வாசல்லயே நின்னாரு.

"மேடம், பொண்ணுக்குத் தமிழ் வரலீங்களா?"

"வருதுங்க, நல்லா வருது. டெஸ்ட்லதான் என்னமோ."

"டெஸ்ட்தானுங்களே மேடம் ஸ்கூலுக்கு. அடுத்த வருஷம் வயசு பதினொண்ணு முடிஞ்சுரும், அப்பறம் சென்டர்லயும் எடுக்க மாட்டாங்க. வீட்ல சும்மா வெச்சுருந்தா எவனாவது கம்பெனில தையல்காரங்களுக்குத் துணி கைமடிச்சுக் குடுக்கக் கூப்படுவான்." சட்டையில இருந்த பஞ்சத் தட்டிவிட்டாரு. "ஊர்ல அவ அத்த வீடு இருக்கு. ஜூன் அஞ்சாந்தேதி பாலாசோருக்கு டிக்கெட் போட்டுட்டேன். மார்ச் டெஸ்ட்ல பாஸானா கேன்சல் பண்ணிருவேன். இல்லீன்னா அனுப்பித்தான் ஆகணுமுங்."

அவருக்கு அவள அனுப்ப இஷ்டமே இல்ல. கடைசி 'ங்' சொல்றப்ப கொரலு கீழ போயிருச்சு.

அன்னைக்கு மத்தியானம், சாப்பாட்டு பெல் அடிச்சு பத்து நிமிஷம் இருக்கும், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரே பேச்சுச் சத்தம். நான் போயி ஓரமா நின்னேன். லிப்சா ஒரு கவுத்துப் போட்ட பக்கெட் மேல ஒக்காந்துருக்கா, மடியில நோட்டு. மத்தவங்க வரிசையா நிக்கறாங்க.

"கோலு, நீ பண்றது சரியில்ல."

"ஏன், தப்பாத்தான சொல்றேன்?"

"தப்பாச் சொல்ற. ஆனா சிரிச்சுட்டே சொல்ற. தெரியாதவன் சிரிக்க மாட்டான், பயப்படுவான். பயந்து காட்டு."

கோலு பயந்து காட்டுனான்.

"இவ்ளோ வேண்டாம். பேயப் பாத்த மாதிரி இருக்கு. டாக்டரப் பாத்த மாதிரி பண்ணு. ம், அதான். ரிம்பா, போன மாசம் ஒனக்குத் தண்ணின்னா தெரியாது. நோட்டுல எழுதிருக்கு. இந்த மாசம் கேட்டா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தாகமா இருந்துச்சு."

"தாகமா இருந்தாலும் தெரியக்கூடாது. போன மாசம் தெரியாதது இந்த மாசம் தெரிஞ்சா பெட்டி கண்டுபுடிச்சுரும். பாதி தெரிஞ்ச மாதிரி பண்றதுதான் கஷ்டம், அத யாரும் பண்ணாதீங்க, நான் மட்டும் பண்றேன்."

நீங்க கேக்கறது கேக்குது, இதெல்லாம் எந்த பாஷையில நடந்துச்சுன்னு. தமிழ்தான். வேற எதுல பேசுவாங்க? லிப்சாவுக்கு இந்தி வராது, கோலுவுக்கு ஒடியா வராது, ரிம்பா பேசற வங்காளம் அவ தங்கச்சியத் தவிர யாருக்கும் புரியாது. தமிழ் தெரியாத மாதிரி நடிக்க, தமிழ்ல ஒத்திகை. மூணு வருஷம் காலேஜ்ல நாடகம் படிச்சேன், இவ்ளோ ஒழுங்கா ஒரு ஒத்திகை நான் பாத்ததில்ல. பெருமையா இருந்துச்சு. கூடவே அந்த ஜூன் அஞ்சாந்தேதியும் ஞாபகம் வந்துச்சு.

பிரணவ வரச் சொல்லி பெட்டிக்குள்ள என்ன பதிஞ்சுருக்குன்னு தோண்டச் சொன்னேன். படிச்சுட்டு அவன் சுவத்துல சாஞ்சு சிரிக்கறான். வாங்கிப் பாத்தேன்.

*லிப்சா. பாத்திரம்: தமிழ் தெரியாத பிள்ளை. நடிப்பு: மிக நன்று. பாத்திரத்தின் தமிழ்: சைபர்.*

கோலுவுக்கு "நடிப்பு: சுமார்."

"பெட்டிக்கு நல்லாத் தெரியும் இவங்க நடிக்கறாங்கன்னு. ஆனா வேஷம் கட்டுனா நம்பணும்னு ஒரு அம்மா டிக் பண்ணிருக்கு. நம்பிருச்சு. பாத்திரத்துக்குத் தமிழ் தெரியல, மார்க்கும் பாத்திரத்துக்குத்தான்."

"அந்த டிக்க எடுத்துரு."

"எடுக்கலாம். ஆனா டெஸ்ட்டுக்குத் தனி டிக், தர்பாருக்குத் தனி டிக்னு இல்ல. எடுத்துட்டா நாளைக்கு மூணு மணிக்கு உங்க ராஜா கோலுவப் பாத்து, 'நீ மந்திரி இல்ல, ஏழு வயசுப் பையன்'னு சொல்லுவாரு. பரவால்லையா?"

வேண்டாம், இருக்கட்டும்னுட்டேன். அந்தப் புள்ளைங்களுக்கு இந்த ஊருல வேற யாரும் மந்திரின்னு பேரு வெக்கலயே.

"மார்ச் டெஸ்ட் மட்டும் பெட்டி இல்ல நிது, ஆளு. ஆபீஸ்லருந்து செல்வநாயகி மேடம் நேர்ல வந்து கேட்டு எழுதுவாங்க. அவங்க ரொம்ப கறார். புள்ளைங்க அவங்க முன்னாடியும் இதயே பண்ணுனா முடிஞ்சுது."

சரின்னு லிப்சாவக் கூப்பிட்டு ஒக்கார வெச்சேன். சுத்தி வளைக்காம எல்லாத்தையும் சொன்னேன், பக்கெட் மேல ஒக்காந்துருந்ததப் பாத்தேன்னு, அப்பா டிக்கெட் போட்டுட்டாருன்னு.

"அப்பா சும்மா சொல்லுவாருங் மிஸ்."

"நான் டிக்கெட்டப் பாத்தேன் லிப்சா." பாக்கல. ஆனா அவரு மூஞ்சியப் பாத்தேன்.

அவ நோட்டோட மூலைய மடிச்சு மடிச்சுப் பிரிச்சா. "நான் போனா மந்திரிங்க பதிமூணு பேரு இருப்பாங்க. ராஜா இருப்பாரு. நாங்க எல்லாரும் பாஸானா ராஜாவே இருக்க மாட்டாரு."

"அவரு வெளிச்சம் லிப்சா."

"தெரியுமுங்." என்னமோ நான்தான் மக்கு மாதிரி பாத்தா. "ஆனா நாங்க என்ன சொன்னாலும் அவரு நம்புவாரில்ல."

சரி, வேற வழிதான் பாக்கணும்னு எந்திரிச்சேன்.

மார்ச் இருபத்தெட்டு. செல்வநாயகி மேடம் கஞ்சி போட்ட காட்டன் சேலையில, பதினாலு தாள் ஒரு அட்டையில கிளிப் பண்ணிக்கிட்டு வந்தாங்க. நான் வாசல்லயே மறிச்சேன்.

"மேடம், மொதல்ல ஒரே ஒரு ஆள டெஸ்ட் பண்ணுவீங்களா? எல்லார் முன்னாடியும்?"

"யாரு?"

"ராஜா."

"எனக்கு நாடகமெல்லாம் வராதும்மா."

"நீங்க எதுவும் பண்ண வேண்டாம் மேடம். பசங்க குறுக்க பேசுனா அவங்கவங்க தாள்ல மார்க் எழுதிக்கங்க. இப்ப இருக்கற மாதிரியே இருங்க, அதுவே போதும்."

என்னைய ஒரு பார்வ பாத்தாங்க, அது பாராட்டா திட்டான்னு யோசிக்கற மாதிரி. அப்பறம் வந்து நாற்காலியில ஒக்காந்தாங்க. நான் பசங்ககிட்ட, "இன்னைக்கு தர்பார் சீக்கிரம். ராஜாவுக்குப் பெரிய ஸ்கூல்ல சேரணும்னு ஆச வந்துருச்சு, மேடம் டெஸ்ட் வெக்கறாங்க, மந்திரிங்க கூட இருக்கலாம்"னேன். தர்பார்ல பேசறது மார்க்குல வராதுன்னு பசங்களுக்குத் தெரியும். அந்த தைரியத்துலதான் ஒக்காந்தாங்க. ஆமாங்க, ஏமாத்துனேன். அதச் சொல்லாம விட்டா கதை நல்லாருக்கும், ஆனா அது உண்மையா இருக்காது.

ராஜா எந்திரிச்சு நின்னாரு. மேடம் கண்ணாடிய மேல தள்ளுனாங்க.

"பேரு?"

"கட்பீஸ் ராஜாங்."

"எந்த ஊரு?"

"தேடிட்டு இருக்கேனுங்."

"பஸ்ஸுல எப்படிப் போவீங்க?"

"ஸ்டாப்ல நிப்பேனுங். பஸ்ஸு வரும். நான் கைய..." ராஜா கைய முன்னாடி ஒருக்கா திருப்புனாரு, பின்னாடி ஒருக்கா திருப்புனாரு.

கோலுவால தாங்க முடியல. "ஐயோ ராஜா, ஆட்டுங், எத்தன வாட்டி சொல்லிருக்கேன், மேடம் அவருக்குத் தெரியுமுங் மேடம், நேத்துகூட ஒழுங்கா ஆட்டுனாரு." ரிம்பா எந்திரிச்சுட்டா. "அவரு வெண்ணெ வாங்கிட்டு வந்தாருங் மேடம், சில்லறைகூட கரெக்ட்டா." நேபாளத்துப் பசங்க ரெண்டு பேரும் கஷாயக் கதைய ஆரம்பிச்சுட்டாங்க, மேடம் நடுவுல "இஞ்சி எவ்ளோ போட்டீங்க"ன்னு கேக்க, அளவுல சண்ட வந்துருச்சு. மேடம் மூஞ்சி மாறவே இல்ல. பேனா மட்டும் தாள் தாளா நகந்துட்டே இருந்துச்சு.

லிப்சா ஒரு வார்த்த பேசல. அவ ராஜாவப் பாக்கல, பேனாவப் பாத்துட்டு இருந்தா. புரிஞ்சுருச்சு அவளுக்கு. ஒடனே என்னையத் திரும்பிப் பாத்தா. நான் தரையப் பாத்தேன்.

மேடம் பதிமூணு தாள மடிச்சு வெச்சுட்டு நிமிந்தாங்க. "உங்க ராஜாவுக்கு ஒண்ணும் தெரியல. கேட்ட கேள்விக்கெல்லாம் மந்திரிங்கதான் பேசறாங்க. ஃபெயில். இவர எங்க இருந்து வந்தாரோ அங்கயே அனுப்பிரலாம்."

ராஜா தலைய நிமித்தி, "சரிங்"னாரு. ரொம்ப மெதுவா. ஒக்காந்து, கிரீடத்தக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு, பஸ்ஸுல லிப்சா சொன்ன மாதிரி.

லிப்சா எந்திரிச்சா.

"நீங்க வேகமா கேட்டீங் மேடம்."

"என்ன?"

"வேகமா கேட்டீங். தெரியாதவங்ககிட்ட வேகமா கேட்டா தெரிஞ்சதும் போயிரும். நான் இங்க வந்தப்ப கடையில சோப்பு கேட்டேன். கடக்காரரு என்ன சோப்புன்னு வேகமா கேட்டாரு, நான் ஓடி வந்துட்டேன். வீட்ல பத்து நாளு சோப்பு இல்ல. எனக்கு சோப்புன்னு சொல்லத் தெரியும். ராஜா நிக்கற மாதிரி பயப்படாம நிக்கத்தான் தெரியல." மூச்சு வாங்குனா. "ராஜா அந்தக் கடக்காரரு மாதிரி இல்ல. இவருகிட்ட என்ன தப்பாச் சொன்னாலும், 'அப்படியா மந்திரி, இன்னொருக்கா சொல்லுங்'னு கேப்பாரு. இன்னொருக்கா சொன்னா சரியா வந்துரும். அவருக்கு மார்க் போடாட்டிப் போகட்டுமுங். தெரியலன்னு மட்டும் சொல்லாதீங்."

மேடம் கண்ணாடியக் கழட்டி சேல நுனியில தொடச்சாங்க, ரொம்ப நேரம். அப்பறம் பதினாலாவது தாள்ல எழுதுனாங்க.

"மிஸ்," லிப்சா என்னையப் பாத்து கேட்டா. "நான் பாஸாயிட்டனா?"

எதையோ தொலச்சுட்டு வந்து வீட்ல சொல்ற கொரல் அது.

சாயந்தரம் பிரணவ் பெட்டியில பதிஞ்சத எடுத்துப் படிச்சான். அன்னைக்கு அவன் சிரிக்கல. *கோலு, பாத்திரம்: மந்திரி. ரிம்பா, பாத்திரம்: மந்திரி.* அப்படியே வரிசையா பதிமூணு. கடைசி வரி: *லிப்சா. பாத்திரம்: எதுவும் இல்லை.*

சந்தோஷ் பெஹரா டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு, ஒரு பொட்டலம் பூந்தி கொண்டாந்து குடுத்தாரு. கடைசி தர்பார் மே மாசம். ராஜா வழக்கம் போல ஒண்ணும் தெரியாம, "நாளைக்கு நாம எங்க போறோம் மந்திரி"ன்னாரு. பசங்க மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சாங்க. லிப்சா மட்டும் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னா.

"பெருந்துறைங். பஸ்ஸுக்குக் கையக் காட்டத் தெரியுமில்ல?"

"ஆட்டணும்."

"தெரியும்னு அங்க காட்டிக்காதீங். அங்க போயி ஒண்ணும் தெரியாத மாதிரி நில்லுங். அவங்களே சொல்லித் தருவாங்க."

"அப்படியா மந்திரி. இன்னொருக்கா சொல்லுங்."

இன்னொருக்கா சொன்னா. அப்பறம் பிரணவ் அழிச்சான்.

இப்ப பெட்டியோட நானும் பெருந்துறையிலதான் இருக்கேன். இங்க பசங்க அந்த ஆளுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு, ராத்திரியப் பாத்துப் பயப்படற பேயின்னு பேரு வெச்சுட்டாங்க. ராஜாவோட சாடை ஒரு துளிகூட இல்ல. நல்லாத் தேடிப் பாத்தேன், அசடு மாதிரி.

விஷயம் என்னன்னா, போன வாரம் பெரிய ஸ்கூல்லருந்து போன். நாலாம் வகுப்பு டீச்சர். "உங்க சென்டர் பொண்ணு லிப்சா, எப்படி பாஸ் போட்டீங்க? ஒரு வார்த்த தெரியல. நாற்காலின்னா என்னன்னு கேக்குது. வாய்மொழித் தேர்வுல ரெண்டு வாட்டி சைபர். அரையாண்டுலயும் இப்படின்னா திரும்ப சென்டருக்குத்தான் அனுப்பணும்."

விழுந்தடிச்சு ஓடுனேன். நான் போறப்ப இண்டர்வெல். டீச்சர் வராந்தாவுலருந்து வகுப்பக் காட்டுனாங்க. சன்னல் வழியா பாத்தேன். லிப்சா பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. ஜார்கண்டாம், பேரு சுக்மதி, வந்து ஆறு வாரம், வாயே தொறக்கறதில்லையாம். லிப்சா நாற்காலியச் சுத்திச் சுத்தி வர்றா. அதோட கால எண்ணுறா. தலகீழா கவுத்து அதுக்குள்ள ஒக்காரப் பாக்கறா, வழுக்கி விழறா. கொஞ்ச தூரத்துல வாய்மொழிக்கு மார்க் போடற நோட்டு டீச்சர் மேசையில இருக்கு, அதப் பத்திக் கவலையே இல்ல.

சுக்மதி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டா. நாற்காலிய நிமித்தி வெச்சா. "ஒக்காரு," அப்படின்னா. "நாற்காலி. ஒக்காரு."

"அப்படியா," லிப்சா கேட்டா. "இன்னொருக்கா சொல்லுங்."

உள்ள போனேன். லிப்சா நிமிந்து என்னையப் பாத்தா. கிட்டத்தட்ட ஒரு வருஷம் எங்கூட இருந்த புள்ள, கண்ணுல ஒரு அசைவு இல்ல.

"நீங்க யாருங்?"

சுக்மதி என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாக்குது. நான் என்ன பண்ணுவேன், டிக் பண்ணுனவ நான்தான. "நான் நிது"ன்னேன். "நாடகம் சொல்லித் தர்றவ." அப்படியான்னு தலையாட்டிட்டு அவ மறுபடி நாற்காலிகிட்ட போயிட்டா.

டீச்சர் இன்னும் என் பதிலுக்காக வெயிட் பண்ணிட்டு இருக்காங்க. பிரணவ் என்ன சொல்றான்னா, அவ சுக்மதிக்காக எல்லாம் பண்ணல, மறுபடி சென்டருக்கு வந்தா ராஜா இருப்பாருன்னு ஒரு நப்பாசையில பண்றாங்கறான். எனக்கு அப்படித் தோணல. ஆனா அவ அப்பா மறுபடி டிக்கெட் போட்டா? டீச்சர்கிட்ட உண்மையச் சொன்னா லிப்சாவுக்கு மார்க் வந்துரும், சுக்மதிகிட்ட இருக்கற ராஜா அன்னைக்கே போயிருவாரு. சொல்லலன்னா அரையாண்டுக்கு இன்னும் இருவத்திரெண்டு நாளு. அதுக்குள்ள சுக்மதி பேசிருவாளா? நீங்க என்ன நெனைக்கறீங்க, நான் வாயத் தொறக்கட்டுமா, இல்ல வேஷத்த நம்பிட்டு சும்மா இருக்கட்டுமா?